ஏல நேரத்தில் வெள்ளைத் திரை: மீன் கணக்குச் செயலி ஒன்றின் பில்ட் கோளாறு

பின்னணி

இராமநாதபுரம் கடற்கரையில் மீனும் நண்டும் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு வியாபாரி. பெயர் வேண்டாம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மூன்று இடத்திலும் அவருக்கு ஆள் உண்டு, வடக்கே தொண்டியிலும் தென்மேற்கே மூக்கையூரிலும் ஒவ்வொருவர். படகு கரை சேர்ந்ததும் எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், ஆபீஸில் ஒருவர் உட்கார்ந்து அதைத் திரும்ப ஏற்றுவார். இந்த இரட்டை வேலையைத் தவிர்க்கத்தான் ஒரு வெப் செயலி செய்யச் சொன்னார்கள். எழுதியவர்கள் உள்ளூர்க்காரர்களான இரண்டு இளைஞர்கள். திரைகளை எழுத ரியாக்ட், எழுதிய கோடை (புரோகிராமை) பிரவுசரில் ஓடும் கோப்புகளாகக் கட்ட வீட் 5 (Vite) என்ற கருவி, வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வர், அதில் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்க என்ஜின்எக்ஸ். அப்படிக் கட்டுவதைத்தான் பில்ட் என்பது. அவ்வளவுதான், சிக்கலான அமைப்பு ஒன்றும் கிடையாது.

செயலியில் ஏலப்பதிவு, படகுக் கணக்கு, நாள் அறிக்கை என்று சில பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கான ஜாவாஸ்கிரிப்டும் தனித் துண்டுக் கோப்பு, அந்தப் பக்கத்தைத் தொட்டால்தான் அது இறங்கும். கோப்பின் பெயரோடு ஒரு ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எழுத்துக் குறி, ஒட்டியிருக்கும், உள்ளடக்கம் மாறினால் ஹாஷும் மாறும். பக்கத்தைத் தனியாக இறக்கச் சொல்லிக் கோடில் எழுதிவிட்டால் இதெல்லாம் வீட் தானாகவே செய்து தருவது. மீன் பெயருக்குப் பக்கத்தில் படமும் இருக்கும், ஏனென்றால் பதிவு போடுகிறவர்களில் சிலருக்கு எழுத்தைத் தேடுவதைவிட நண்டையோ கணவாயையோ பார்த்துத் தொடுவது சுலபம்.

இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குத்தான் தடை, வல்லமும் நாட்டுப்படகும் போகும். அதனால் செயலி முழுதாக நிற்கவில்லை, ஆனால் ஓட்டம் குறைவு. ஏப்ரல் கடைசியில் ஒரு பதிப்பு ஏற்றியதோடு சரி, அப்புறம் ஆறு வாரத்துக்குச் சர்வரைத் தொடவே இல்லை. அந்த இடைவெளியில் இளைஞர்கள் இருவரும் பெரிய வேலை ஒன்றை முடித்தார்கள்: புதிய அறிக்கைப் பக்கங்கள், அதோடு இதுவரை விண்டோஸ் லேப்டாப்பில் செய்துவந்த பில்டை சர்வரிலேயே லினக்ஸில் தானாக நடக்கும்படி மாற்றியது. தடை முடிவதற்கு முந்தைய நாள் புதிய பதிப்பு ஏறியது.

பில்ட் மாற்றத்தில் வந்த சிறு தடங்கல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு இது வேறு விதமாகத் திரும்பி வருகிறது. லினக்ஸில் முதல் பில்ட் ஓடவே இல்லை, ஒரு கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. கோப்பின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது, அதை அழைக்கும் இம்போர்ட் வரியில் சின்ன எழுத்து. விண்டோஸ் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு கோப்பாகத்தான் பார்க்கும். பெயரைத் திருத்தினார்கள், ஆனால் விண்டோஸில் கிட் (Git, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) அந்த மாற்றத்தைப் பதிவே செய்யவில்லை, எழுத்தின் அளவு மட்டும் மாறினால் அதைக் கண்டுகொள்ளாத அமைப்புதான் அங்கே இயல்பு. கிட்டின் சொந்த மூவ் கட்டளையில் பெயரை மாற்றியதும் சரியானது. பில்ட் பச்சையாக முடிந்தது, எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் புகார்

தடை முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் பாடோடு, அதாவது பிடித்த மீனோடு, திரும்பிய முதல் அதிகாலை. தங்கச்சிமடத்திலிருந்து போன்: "தம்பி, படகுக் கணக்கைத் தொட்டா வெள்ளையா நிக்குது, ஒண்ணும் வரமாட்டேங்குது." கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து அதே புகார், ஆனால் அங்கே படகுக் கணக்கு திறக்கிறது, நாள் அறிக்கைதான் வெள்ளை. பாம்பனில் எல்லாப் பக்கமும் திறக்கிறது. தொண்டியில் செயலியே திறக்கவில்லை. மூக்கையூரில் பதிவு போகிறது, மீன் படங்கள் மட்டும் உடைந்து தெரிகின்றன.

ஐந்து இடம், ஐந்து விதம். இப்படி வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது நெட்வொர்க்தான், கடற்கரை ஓரம் டவர் எப்படியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணத்துக்குச் சாட்சி வேறு கிடைத்தது: தராசு, படகு போன்ற சின்னச் சின்ன ஐகான்கள் எல்லாப் போனிலும் தெரிகின்றன, பெரிய மீன் படங்கள்தான் வரவில்லை. சிறியது இறங்குகிறது, பெரியது இறங்கவில்லை, அப்படியானால் லைன் மெதுவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தொண்டியில் சிம்மை மாற்றிப் பார்த்தார்கள். சர்வரின் நினைவகத்தைக் கூட்டினார்கள்.

சர்வர் பதிவேட்டையும் பார்த்தார்கள். கோப்பு காணாமல் போயிருந்தால் 404 என்ற நிலை எண் இருக்கவேண்டும், ஒன்றுகூட இல்லை, வரிசையாக 200, அதாவது கேட்டது கொடுக்கப்பட்டது. ஆகவே சர்வர் மேல் குற்றம் இல்லை என்று முடிவு கட்டினார்கள். நாள் கணக்கில் அலைச்சல் வந்தது இந்த 200-ஐ நம்பியதால்தான்.

இதற்கிடையில் யாரோ ஒருவர் போனில் தளத்தின் தரவை அழித்துவிட்டுத் திறந்தால் சரியாகிறது என்று கண்டுபிடித்தார். உண்மைதான், சரியானது. உடனே ஐந்து இடத்துக்கும் அதைச் செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போனது. ஆனால் சிக்னல் இல்லாத நேரத்தில் போட்ட பதிவுகளை அந்தச் செயலி போனிலேயே சேமித்து வைத்திருந்து பிறகு அனுப்பும். தளத் தரவை அழித்தால் அதுவும் சேர்ந்து போகும். மண்டபத்தில் ஒரு காலைப் பதிவில் பாதி போயிற்று. நல்லவேளை, அந்தக் கணக்குப்பிள்ளை பழைய ஆள், நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். "போனை நம்பி நோட்டை விட்டா இப்படித்தான் முதலாளி" என்று அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நேரில் பார்த்தபோது தெரிந்தது

இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: யாரும் இனி எந்தப் போனிலும் எதையும் அழிக்க வேண்டாம், கெட்டுப்போன போன் ஒன்று கெட்டபடியே வேண்டும். தங்கச்சிமடத்துப் போன் அப்படிக் கிடைத்தது. அதை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனின் பிரவுசருக்குள் நடப்பதைக் காட்டும் குரோமின் ரிமோட் டெவ்டூல்ஸில் திறந்தோம்.

கன்சோலில் செய்தி தெளிவாக இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் (துண்டுக் கோப்பு) கேட்ட இடத்தில் சர்வர் ஹெச்டிஎம்எல் (வெப் பக்க) வகையில் பதில் தந்திருக்கிறது, அதனால் பிரவுசர் அதை ஓட்ட மறுக்கிறது. நெட்வொர்க் பக்கத்தில் படகுக் கணக்குத் துண்டின் பெயர், நிலை 200, வகை ஹெச்டிஎம்எல். பதிலைத் திறந்து பார்த்தால் அது செயலியின் இண்டெக்ஸ் பக்கம், முதலில் இறங்கி மற்றக் கோப்புகளின் பெயரைக் காட்டும் பக்கம்.

காரணம் என்ஜின்எக்ஸ் அமைப்பில் இருந்தது. ஒரே பக்கத்தில் இயங்கும் செயலிகளுக்கு எல்லாரும் எழுதும் வரிதான் அது: கேட்ட கோப்பு இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இண்டெக்ஸ் பக்கத்தைக் கொடு. செயலிக்குள் இருக்கும் முகவரிகளை நேரடியாகத் திறக்க அது அவசியம். ஆனால் அது எல்லாப் பாதைக்கும் போட்டிருந்தது. காணாமல் போன ஜாவாஸ்கிரிப்டுக்கும் படத்துக்கும்கூட அதே இண்டெக்ஸ் பக்கம், 200 என்ற முத்திரையோடு. நண்டு கேட்டவனுக்குப் பையில் காரலைப் போட்டு நண்டுதான் என்று கட்டிக் கொடுப்பது மாதிரி. பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தோம். வெவ்வேறு பெயருள்ள ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், வெவ்வேறு மீன் படங்கள், பதிலின் பைட் அளவு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நிலை எண்ணைப் பார்த்த கண் பக்கத்துப் பத்தியைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

சரி, அந்தத் துண்டு ஏன் காணாமல் போனது? டிப்ளாய் ஸ்கிரிப்ட், அதாவது புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றும் நிரல், பழைய ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டுப் புதியதை வைக்கிறது. ஹாஷ் மாறிவிட்டதால் பழைய பெயரில் எதுவும் மிச்சமில்லை. புதிய இண்டெக்ஸ் பக்கத்தை எடுத்த போனுக்கு அதனால் பாதிப்பில்லை. பழைய இண்டெக்ஸை வைத்திருக்கும் போன்தான் பழைய பெயரைக் கேட்கும்.

பழையதை ஏன் வைத்திருந்தன என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்குப் பிடித்த பகுதி. இறக்கிய கோப்பைப் போன் எவ்வளவு நேரம் தன்னிடமே வைத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்வது கேஷ் உத்தரவு. என்ஜின்எக்ஸ் தானாக அப்படி எந்த உத்தரவும் அனுப்பாது, கோப்பு கடைசியாக மாறிய தேதியை மட்டும் அனுப்பும். உத்தரவு இல்லாதபோது பிரவுசர் ஒரு மதிப்பீடு செய்துகொள்ளும்: கோப்பு மாறாமல் இருந்த காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அதைத் திரும்பக் கேட்காமலே பயன்படுத்தலாம் என்பது வழக்கமான கணக்கு. வாரம் ஒருமுறை பதிப்பு ஏற்றிய காலத்தில் இது சில மணி நேரம்தான், யாருக்கும் உறைக்கவில்லை. தடைக்காலத்தில் 40 நாள் சும்மா கிடந்த இண்டெக்ஸுக்கு அதே கணக்கில் 4 நாள் ஆயுள். வேலை எவ்வளவு அமைதியாகக் கிடந்ததோ அவ்வளவு நீளமாகப் பழையதை நம்பியிருக்கின்றன போன்கள். இது போதாதென்று சில போன்களில் அந்த டேப் மூடப்படாமலே வாரக்கணக்கில் திறந்து கிடந்தது.

ஐந்து இடத்தில் ஐந்து விதமாக வந்ததற்கும் இதிலேயே விடை. முன்பு திறந்திருந்த பக்கத்தின் துண்டு போனின் கேஷில் இருந்தது, அது ஓடியது. திறக்காத பக்கத்துக்குச் சர்வரைக் கேட்டது, கிடைத்தது இண்டெக்ஸ். தங்கச்சிமடத்தில் படகுக் கணக்கு, மண்டபத்தில் நாள் அறிக்கை என்பது அந்தந்த ஆள் எதைப் பயன்படுத்துவார் என்பதைப் பொறுத்தது. பாம்பன்காரர் தினமும் பக்கத்தை இழுத்துப் புதுப்பிக்கும் பழக்கமுள்ளவர், புதுப்பித்தால் பிரவுசர் இண்டெக்ஸைச் சர்வரிடம் சரிபார்த்துக்கொள்ளும், ஆகவே அவருக்குப் புதிய பதிப்பே வந்துவிட்டது. ஒரு துண்டு இறங்காவிட்டால் முழுத் திரையும் வெள்ளையாவது ரியாக்டின் நடைமுறை: 16-ஆம் பதிப்பிலிருந்து, எரர் பவுண்டரி (பிழையை ஒரு பகுதிக்குள் அடக்கி வைக்கும் கோடு) எதிலும் சிக்காத பிழை வந்தால் அது மொத்தத் திரையையும் கழற்றிவிடும். இந்தச் செயலியில் எரர் பவுண்டரி ஒன்றுகூட இல்லை.

மூக்கையூர்ப் படங்கள் தனிக் கதை, உண்மையில் அவை எல்லா இடத்திலும் உடைந்துதான் இருந்தன, மற்றவர்கள் வெள்ளைத் திரையைப் பற்றிப் பேசியதால் படம் எடுபடவில்லை. மீன் படங்களின் முகவரியைக் கோடில் வெறும் எழுத்துச் சரமாக, மீன் பெயரை ஒட்டி உருவாக்கியிருந்தார்கள், சோர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாதையாக. லேப்டாப்பில் எழுதும்போது சோதிக்க வீட் கருவி தரும் டெவலப்மென்ட் சர்வர் முழு ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் பரிமாறும், அதனால் அங்கே படம் தெரியும். பில்டிலோ இம்போர்ட் செய்யப்படாத கோப்பை வீட் கண்டுகொள்ளாது, எழுத்துச் சரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முன்பு எப்படி வேலை செய்தது? லேப்டாப்பிலிருந்து ஏற்றியவர் சோர்ஸ் ஃபோல்டரிலிருந்த படங்களையும் கையால் சேர்த்து ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தானியங்கி பில்டுக்கு அந்தக் கைப்பழக்கம் தெரியாதே. சின்ன ஐகான்கள் தெரிந்ததும் லைன் வேகத்தால் அல்ல: அவை முறையாக இம்போர்ட் செய்யப்பட்டவை, 4096 பைட்டுக்குக் குறைந்த படங்களை வீட் கோடுக்குள்ளேயே பதித்துவிடும், தனியாக இறங்கவே தேவையில்லை.

எடுத்த முடிவுகள்

அன்றைக்கே செய்தது: ஏப்ரல் பதிப்பைக் கிட்டிலிருந்து எடுத்து, அப்போது பில்ட் ஓடிய அதே லேப்டாப்பில், பூட்டுக் கோப்பில் (பயன்படுத்திய கருவிகளின் பதிப்பைக் குறித்திருக்கும் கோப்பு) உள்ள பதிப்புகளையே நிறுவி மறுபடி பில்ட் செய்து, அதன் துண்டுக் கோப்புகளைப் புதியவற்றின் பக்கத்திலேயே வைத்தோம். கெட்டுப்போன போன் கேட்ட பெயர்களோடு ஹாஷ் பொருந்தியது. ஹாஷ் பெயர் என்பதால் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று மோதாது. யாரையும் எதையும் அழிக்கச் சொல்லாமல் வெள்ளைத் திரை மறைந்தது. இரண்டு போனில் மட்டும் கொஞ்ச நேரம் தொடர்ந்தது, ஏனென்றால் அந்த ஜாவாஸ்கிரிப்ட் முகவரியின் பெயரிலேயே ஹெச்டிஎம்எல் பதில் அவற்றின் கேஷில் உட்கார்ந்துவிட்டது. சர்வர் பொய் சொன்னால் பிரவுசர் அதையும் மதித்துச் சேமிக்கும்.

அடுத்தது என்ஜின்எக்ஸ். துண்டுகள் இருக்கும் அசெட்ஸ் ஃபோல்டருக்குத் தனிப் பகுதி எழுதி, கோப்பு இல்லையென்றால் 404 என்று மாற்றினோம். இண்டெக்ஸ் பக்கத்துக்கு நோ-கேஷ், அதாவது வைத்துக்கொள் ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார். ஹாஷ் உள்ள கோப்புகளுக்கு 31536000 விநாடி, ஓராண்டு, மாறாதது என்ற குறியோடு. இதில் ஒரு பொறி உண்டு, பலர் மாட்டுவது: ஒரு லொகேஷன் பகுதிக்குள் (குறிப்பிட்ட பாதைக்கான அமைப்பு) ஹெடர் ஒன்றை (பதிலோடு போகும் குறிப்பு) சேர்த்தால் மேலே சர்வர் அளவில் போட்டிருந்த ஹெடர்கள் அந்தப் பகுதிக்கு இறங்காது. பாதுகாப்பு ஹெடர்கள் காணாமல் போனதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே எழுதினோம். ஓராண்டு கேஷ் ஹெடருக்கு 'எப்போதும்' (always) என்ற குறியைப் போடவில்லை, போட்டால் 404 பதிலும் ஓராண்டுக்குத் தங்கிவிடும்.

டிப்ளாய் ஸ்கிரிப்ட் இனி அழிக்காது, சேர்க்கும். முதலில் துண்டுகள், கடைசியில் இண்டெக்ஸ், இந்த வரிசை முக்கியம், தலைகீழாகப் போனால் நடுவில் திறப்பவருக்கு இல்லாத கோப்பைக் காட்டும் இண்டெக்ஸ் போய்ச்சேரும். பழைய துண்டுகளை எத்தனை நாள் வைப்பது என்று பேச்சு வந்தபோது ஒரு வாரம் போதும் என்றார்கள். நான் 90 நாள் என்றேன், 61 நாள் மூடிக் கிடக்கும் தொழிலுக்கு ஒரு வாரக் கணக்கு பொருந்தாது. சில எம்பி இடம்தானே.

செயலிக்குள் எரர் பவுண்டரி வந்தது. துண்டு இறங்காதபோது வீட் ஒரு நிகழ்வை எழுப்பும், 4.4-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு, அதைக் கேட்டுப் பக்கத்தைத் தானாகப் புதுப்பிக்கலாம். முதலாளிக்கு அது பிடித்திருந்தது. தங்கச்சிமடத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை: "பதினஞ்சு பெட்டி எடை போட்டுக்கிட்டு இருக்கும்போது அதுவா திரும்பத் திறந்துச்சுன்னா போட்டது எங்கண்ணே போகும்?" அவர் சொன்னது சரி. ஆகவே பதிவு எதுவும் பாதியில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை தானாகப் புதுப்பிக்கும், இருந்தால் மேலே ஒரு பட்டையில் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று சொல்லிக் காத்திருக்கும்.

படங்களை எல்லாம் சின்ன எழுத்துப் பெயரில் பப்ளிக் ஃபோல்டருக்கு மாற்றினோம். அங்கே வைத்தால் வீட் பெயரைத் தொடாமல் அப்படியே நகலெடுக்கும். மீன் பெயர் தரவுத்தளத்திலிருந்து வருவதால் இதுதான் எளிது. ஹாஷ் கிடையாது என்பதால் அவற்றுக்கு ஒரு நாள் கேஷ்தான்.

சர்வீஸ் ஒர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடும் நிரல்) போட்டு எல்லாவற்றையும் போனிலேயே வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன். இருக்கிற கேஷே புரியாமல் தவித்த இடத்தில் இன்னொரு கேஷ் அடுக்கு எதற்கு?

பின்னர் நடந்தது

அடுத்த முறை பாடு வந்தபோது புகார் இல்லை, தொண்டியைத் தவிர. அங்கே சிக்கல் வேறு: மிகப் பழைய போன், பிரவுசர் புதுப்பிக்கப்படவே இல்லை. வீட் 5 இயல்பாகக் குறிவைப்பது குரோம் 87-ம் அதற்கு மேலும், இந்தப் போன் அதற்குக் கீழே. புதிய அறிக்கைப் பக்கத்தில் சேர்த்த ஒரு நூலகம், அதாவது பிறர் எழுதிய ஆயத்தக் கோடு, அதுதான் அந்தப் போனை இந்த முறை நிறுத்தியது. பழைய பிரவுசர்களுக்கான வீட் செருகுநிரலைப் போட்டால் தீரும், ஆனால் ஒரு போனுக்காக ஒவ்வொரு பில்டையும் இரண்டு மடங்காக்குவதா? போனை மாற்றினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு டிப்ளாயில் கோப்பு ஒன்று விடுபட்டது. இந்த முறை பதிவேட்டில் சிவப்பாக 404, ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் இளைஞர்களே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள். என்னிடம் பிறகுதான் சொன்னார்கள்.

இனி மாற வேண்டியது

டிப்ளாய் முடிந்ததும் ஸ்கிரிப்டே இரண்டு கேள்வி கேட்கிறது: இண்டெக்ஸ் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு முகவரியும் சரியான வகையோடு வருகிறதா, அசெட்ஸுக்குள் இல்லாத ஒரு பெயரைக் கேட்டால் 404 வருகிறதா. இரண்டாவதில் 200 வந்தால் டிப்ளாய் தோல்வி. பதிப்பு ஏற்றும் நேரமும் மாறியிருக்கிறது, ஏல நேரமான அதிகாலைக்கு முன்பு ஏற்றுவதில்லை, மதியத்துக்கு மேல்தான். தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு மீனுக்கும் படம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சிறு சோதனையும் எழுதவேண்டும், இன்னும் எழுதவில்லை.

இன்னொன்று என் சொந்தக் கருத்து, அவர்கள் ஏற்கவில்லை. ஐந்தாறு பக்கமுள்ள செயலிக்குத் துண்டு துண்டாகப் பிரிப்பதே தேவையில்லை. ஒரே கோப்பாகக் கட்டினால் முதல் முறை இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம், அதன்பின் நடுவழியில் எதையும் தேடிப் போகவேண்டியதில்லை, சிக்னல் போய்வரும் கடற்கரையில் அதுதான் நல்லது என்பேன். அறிக்கைப் பக்கத்தின் வரைபட நூலகம் பெரியது, அதை எல்லாரும் சுமக்கவேண்டுமா என்பது அவர்களின் எதிர்க்கேள்வி. இப்போதைக்கு ஏலப்பதிவும் படகுக் கணக்கும் மட்டும் முதன்மைக் கோப்போடு சேர்ந்துவிட்டன, அறிக்கை தனியாகவே இருக்கிறது.